புத்தருக்கு வலது பக்கம்

1

புத்தர் வயிற்றுக்குள் பல்லி இருக்காது என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். தலை பாதி நரைத்து, துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் குமாஸ்தாவாகப் பல வருடம் தள்ளிய ஒரு மனிதன், தன் மகளின் வாழ்க்கையைத் தூக்கி அந்த ஒரு நம்பிக்கையின் மேல் வைத்தான்.

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் புத்தர் மிகப் பெரியவர். எங்கள் திண்டுக்கல் நாகல் நகர் மாடி வீடுகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்றால் அவர் தோளை எட்டலாம். முன்னால் விளக்கு, ஊதுவத்தி, கும்பல். அதெல்லாம் எந்தக் கோயிலிலும் உண்டு. விசேஷம் பின்னால்தான். முதுகுப் பக்கம் சுற்றிப் போனால் குட்டையாக ஒரு கதவு. குனிந்து உள்ளே போகலாம். ஆமாம், சாமிக்குள்ளேயே! உள்ளே ஒரு சின்ன அறை. அதில் இன்னொரு புத்தர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்.

போன வாரம் அந்தக் கோயிலில் வர்ணம் அடிக்கச் சாரம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, காப்பி குடிக்கும் சுகத்தில், என் மனைவி பொன்னுத்தாயிடம் ஒரு பழைய விஷயத்தை உளறிவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் நான் கட்டிக் காத்த ஒரே விஷயம் அது. சில நாள் பேச்சு நின்றது. நேற்றுத்தான் "காப்பி ஆறுது" என்றாள். வீட்டில் ஆபத்து நீங்கிவிட்டதால், இனி உங்களுக்கும் சொல்லலாம்.

2

மலேசியா என்ற பெயர் வருவதற்குச் சற்று முந்தைய காலம். பொன்னுத்தாயின் ஒரே அண்ணன் வெள்ளைச்சாமி, ஊரிலிருந்து கப்பலேறி எங்களைப் பார்க்க வந்தார். வத்தலக்குண்டு பக்கம் தோட்டம். தக்காளியும் கத்தரியும் போடுகிற சம்சாரி. நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். அந்த 'மாப்ளே'யில் மரியாதை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு. நான் நாகல் நகர்க்காரன். டவுனில் பிறந்தவனுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது அவர் கட்சி.

துறைமுக ஆள் என்பதால் குடிநுழைவு அதிகாரியின் மேசை வரை என்னை விட்டார்கள். அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

"பொண்ணு கேக்க வந்திருக்கேன்னு சொல்லு மாப்ளே. எம் மகன் முருகேசனுக்கு, தங்கச்சி மக ராஜியை. கையோட கூட்டிட்டுப் போயி தை மாசம் முடிச்சிரலாம்னு இருக்கோம். இந்த ஆபீசர் ஐயாவையும் கல்யாணத்துக்கு வரச் சொல்லு."

ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் முத்திரையை அடித்தார்.

"நான் இம்புட்டு நீளமாச் சொன்னேன். நீ அம்புட்டுத்தான் சொன்னியா?" என்றார் மச்சான்.

"இங்கிலீஷ்ல அப்படித்தான் மச்சான். சுருங்கிரும்."

ராஜிக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்து, இரண்டு வெள்ளைப் பாவாடை தைத்து வைத்திருந்தாள். சிறு பிள்ளையாக ஒரே ஒரு தடவை ஊருக்குப் போயிருக்கிறாள். திண்டுக்கல் என்றால் அவள் ஞாபகத்தில் மலைக்கோட்டையும் வயிற்றுப்போக்கும்தான். சந்தோஷமாக இருந்தால் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுவாள்.

மச்சான் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தாள். "அப்பா, எனக்கு வேணாம். நான் படிக்கணும். முருகேசன் அத்தான் முகம்கூட எனக்குத் தெரியாது. மாமாகிட்ட நீங்க சொல்லிருங்க."

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் நான் சொல்லிவந்த வாக்கியம் இது. இதற்கு ஒன்றும் செய்யப் போவதில்லை என்று பொருள். எப்படிச் சொல்வேன்? பெண் கொடுத்த வீட்டு மனிதர். கடல் தாண்டி வந்திருக்கிறார். பொன்னுத்தாயோ, அண்ணனைப் பார்த்த நிமிஷத்திலிருந்து இருபது வயது குறைந்து போனாள். மகள் தன் பிறந்த வீட்டுக்கே மருமகளாகப் போகிறாள் என்று, வாங்க வேண்டிய பாத்திரங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னால் உடைவது அவள்.

3

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டோ, சாமியிடம் உத்தரவு கேட்காமல் நடக்காது. சிலர் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். மச்சான் வீட்டுக் குலசாமிக்குப் பல்லிதான் வாய். சூடம் கொளுத்தி, கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டுக் கூட்டமாக நிற்க வேண்டும். சாமிக்கு வலப்பக்கம் பல்லி சொன்னால் சம்மதம். இடப்பக்கம் சொன்னால் பேச்சு முடிந்தது. சொல்லவே இல்லையென்றால் உத்தரவு இல்லை, அவரவர் வீட்டுக்குப் போகலாம்.

என் கல்யாணத்துக்கும் இப்படித்தான் கேட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். கண்மாய்க் கரை ஓட்டுக் கோயில், உச்சி வெயில், கழுத்தை இறுக்கும் புதுச் சட்டை. பெண்ணை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பல்லி வாயைத் திறக்கவே இல்லை. வியர்வை கணுக்கால் வரை இறங்கியது. கடைசியில் 'ச்சு ச்சு ச்சு' என்றது. என் இடது கைப் பக்கம்! சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாப்ளே, விழுந்திராதே" என்று தோளைப் பிடித்தவர் வெள்ளைச்சாமிதான். "சாமி உன்னையப் பாத்துல்ல நிக்குது? உனக்கு இடதுன்னா அதுக்கு வலது. பொண்ணு உனக்குத்தான், போ."

சாமியின் வலது வேறு, ஆசாமியின் வலது வேறு என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்கு.

4

வந்த மறுநாளே மச்சான் சொல்லிவிட்டார்: "உத்தரவு கேக்கையில பொண்ணும் நிக்கணும். அதனால இங்கனயே ஒரு கோயில்ல கேட்டுருவோம். உங்க ஊர்ல கோயில் இருக்குல்ல?"

இருக்கிறது. எங்கள் தெரு முனையிலேயே ஒரு அம்மன் கோயில். பொன்னுத்தாய் அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கோயிலில் பக்தர்களைவிடப் பல்லிகள் அதிகம். எந்தக் கேள்வி கேட்டாலும் எல்லாப் பக்கமிருந்தும் பதில் வரும். அங்கே போனால் வலப்பக்கமும் ஒன்று சொல்லிவிடும், ராஜி கப்பலேறியதுபோலத்தான்.

அப்போதுதான் என் மூளை, மச்சான் மதிப்பீட்டைப் பொய்யாக்கிக்கொண்டு, வேலை செய்தது. பல்லி இல்லாத கோயிலாகப் பார்த்து அழைத்துப் போனால்? பல்லி சொல்லாது. உத்தரவு கிடைக்காது. வேண்டாம் என்று சொன்னவன் நானும் இல்லை, ராஜியும் இல்லை.

"மச்சான், இங்க ஒரு சாமி இருக்கு. அதோட வயித்துக்குள்ளயே போயிக் கேக்கலாம்."

"வயித்துக்குள்ளயா?"

"ஆமா. பின்னால கதவு இருக்கு."

"முதுகுல கதவு வச்ச சாமி என்னப்பா சாமி?"

"புத்தர். பெருமாளோட அவதாரம்னு சொல்லுவாங்கல்ல?"

மச்சான் தாடையைத் தடவினார். "வயித்துக்குள்ள போயிக் கேட்டா, சாமியால மறைக்க முடியாது. நல்ல யோசனைதான். டவுனுக்காரன் பொழைச்சுக்கிட்டே."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வேவு பார்க்கப் போனேன். குனிந்து உள்ளே நுழைந்தேன். வெள்ளையாக, கழுவித் துடைத்த அறை. சுவரில், மூலையில், படுத்திருக்கும் புத்தரின் தலைமாட்டில், எங்கும் ஒரு வால்கூட இல்லை. வெளியே காவலுக்கு இருந்த சீனக் கிழவரிடம், எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில், பல்லி உண்டா என்று கேட்டேன். புகார் சொல்ல வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, "இல்லை, இல்லை, சுத்தம், சுத்தம்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

ராஜியிடம் என் திட்டத்தைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினாள். "நேரா ஒரு வார்த்தை சொல்றது இதைவிடச் சுலபம்பா."

"நான் பாத்துக்கிறேன்."

5

போனது சாயங்காலம். பொன்னுத்தாய் சமையலை முடித்துக்கொண்டு கிளம்ப அவ்வளவு நேரமாகிவிட்டது. நான் வேவு பார்த்தது பட்டப்பகலில் என்பது கோயில் வாசலை மிதிக்கும்வரை என் மண்டையில் ஏறவில்லை. விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

மச்சான் அண்ணாந்து பார்த்தார். "அம்புட்டுப் பெருசா இருக்காரே!" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்பக்கம் போனோம். அவர் முதலில் குனிந்து நுழைந்தார், பிறகு பொன்னுத்தாய், ராஜி, கடைசியில் நான்.

உள்ளே ஒரு மின்சார பல்பு எரிந்தது. பல்பைச் சுற்றிப் பூச்சிகள். பூச்சி வந்தால் அதைத் தின்ன எது வரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு விளக்கடியில் தினமும் பார்த்த காட்சி. கடல் தாண்டினால் பல்லிக்குப் பசி எடுக்காது என்று நினைத்தேனா?

மச்சான் மடியிலிருந்து சூடத்தை எடுத்தார். கதவடியிலிருந்து சீனக் கிழவர் கூடாது என்று கையை ஆட்டினார். "சரிப்பா, கோவிச்சுக்காதே" என்று சூடத்தை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"ஐயா, நமக்குப் பழக்கமில்லாத சாமி. நான் வத்தலக்குண்டு பக்கத்துச் சம்சாரி. எம் மகன் முருகேசனுக்கு எந் தங்கச்சி மக ராஜியைக் கட்டலாமா? கட்டலாம்னா உம்ம வலப்பக்கம் சொல்லும். வேணாம்னா இடப்பக்கம் சொல்லும். செத்த நேரம் நிக்கிறோம்."

நின்றோம்.

நான்கு பேர் மூச்சு விடும் சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. வெளியே யாரோ மணி அடித்தார்கள். பொன்னுத்தாய் உதட்டை அசைத்து வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது தெரியும். நானும் வேண்டிக்கொண்டேன். ஒரே சாமியிடம் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிராக மனுப் போட்டுக்கொண்டு நின்றோம். ராஜி அசையவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனால் மச்சானுக்குக் கால் வலிக்கும், கிளம்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

'ச்சு ச்சு ச்சு ச்சு.'

எங்கள் எல்லோருக்கும் வலது கைப் பக்கம். சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

மச்சான் கண்ணைத் திறந்தார். ஒரு தடவை அந்தச் சுவரைப் பார்த்தார். ஒரு தடவை ராஜி பக்கம் திரும்பினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நமக்கு வலது. அப்பச் சாமிக்கு இடது. வேணாம்னு சொல்லிருச்சு தங்கச்சி. வா, போவோம்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, குனிந்து வெளியே போவான். ஆனால் நான் கப்பல் குமாஸ்தா. கப்பலில் வலப்பக்கம் என்றால் பார்க்கிறவனின் வலப்பக்கம் அல்ல, கப்பலின் வலப்பக்கம். அதைத் தப்பாகச் சொல்லும் புதுப் பையன்களைத் திருத்தித் திருத்தி என் வாய்க்கு ஒரு பழக்கம். மூளையைக் கேட்காமலே அது திறந்துகொள்ளும்.

"இல்ல மச்சான். தப்பு" என்றது வாய்.

மச்சான் நின்றார். "என்ன மாப்ளே?"

"எதிர்ல நின்னாத்தான் நம்ம வலது சாமிக்கு இடது. நாம இப்ப உள்ளல்ல நிக்கிறோம்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நாம எப்பவும் எதிர்ல நிக்கிற கணக்குலதானே பாப்போம்?"

"அதான் சொல்றேன், அந்தக் கணக்கு இங்க செல்லாது!" உற்சாகம் வந்துவிட்டது எனக்கு. அறைக்கு நடுவே போய் நின்றேன். இரண்டு கையையும் விரித்தேன். "இப்ப நான்தான் புத்தர்னு வைங்க. கோயில் வாசல் அந்தப் பக்கம் இருக்கு. புத்தர் வாசலைப் பாத்து உக்காந்திருக்காரு. நாம முதுகு வழியா வந்து அதே பக்கம் பாத்து நிக்கிறோம். அவருக்கு எது வலதோ, அதான் நமக்கும் வலது. பல்லி சொன்னது இந்தப் பக்கம். இந்தக் கை!"

"அப்ப சாமி சரின்னுருச்சு!" என்று பொன்னுத்தாய் என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புத்தராக நின்றுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. ராஜியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கதவு வழியாக, முதல் ஆளாக வெளியே போய்விட்டாள்.

6

வழியெல்லாம் எனக்கு முன்னால் தனியாக நடந்தாள். வீட்டுப் படியில் திரும்பி நின்று, "நல்லா விளக்கினீங்கப்பா" என்றாள். இங்கிலீஷில்.

அடுத்த நாள் பொன்னுத்தாய் என்னையும் ராஜியையும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த நாட்டில் எனக்கு ஒரு காகிதம் வாங்க மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். இந்த மேசைக்குப் போ, அந்த மேசைக்குப் போ, பிறந்த ஊர்ச் சான்றிதழ் எங்கே, திண்டுக்கல் எந்த நாட்டில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டவர்கள். அந்தத் தாமதத்தைத்தான் மலைபோல் நம்பிப் போனேன். அன்றைக்கு என்ன கிரகமோ, மேசையில் இருந்த பெண் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, "ஒன்றும் பிரச்சினை இல்லை, கப்பல் கிளம்புவதற்குள் கிடைத்துவிடும்" என்று சிரித்தாள். வேறு ஏதாவது சான்றிதழ் வேண்டாமா என்று நானே கேட்டேன். வேண்டாமாம்.

மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் ஒரு தக்காளியைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேரு தக்காளியா? ஒட்டன்சத்திரம் சந்தையில மாடுகூட மோந்து பாக்காது."

"மச்சான்..."

தக்காளியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "சொல்லு மாப்ளே."

காத்துக்கொண்டு நின்றார். மீன்காரன் எங்களைத் தள்ளிக்கொண்டு போனான். அப்போதும் நின்றார்.

"வெங்காயம் வாங்கணுமா?" என்றேன்.

"நீ ஒண்ணும் வாங்க வேணாம், வா" என்று நடக்க ஆரம்பித்தார்.

கப்பலுக்கு முந்தின நாள் மத்தியானச் சாப்பாடு. அன்று காலையே ராஜி எனக்குக் கெடு வைத்துவிட்டாள்: "சாப்பாட்டுல நீங்க பேசலேன்னா நான் பேசுவேன். மாமாவுக்கு வருத்தமா இருந்தாலும் சரி, அம்மா அழுதாலும் சரி." இலையில் சோறு விழுந்தது. நான் பருப்பைப் பிசைந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன். ராஜி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"பொன்னுத்தாயி, இந்த வெஞ்சனம் இன்னொரு கரண்டி வையி" என்றார் மச்சான். "அப்புறம், அந்தப் பல்லி விசயம். நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். அது இடதுதான்."

கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. "என்னண்ணே இது? அவரு அன்னைக்கி அம்புட்டு விளக்கமாச் சொன்னாரே!"

"அது கப்பல் கணக்கு. உம் புருசன் கப்பல்ல உத்தியோகம் பாக்குறாரு, அவருக்கு அது சரி. தாலி கட்டப் போறது கப்பல்லயா? நம்ம ஊர்ல. நம்ம ஊர்ல சாமிக்கு எதிர்ல நிக்கிற கணக்குத்தான். அந்தக் கணக்குல இடது. சாமி வேணாம்னதுக்கு மேல நாம பேசப்படாது."

அதில் ஒரு ஓட்டை இருந்தது. கேட்டது எந்தச் சாமியிடம், எந்த இடத்தில் என்று கேட்க நான் தலையை நிமிர்த்தியபோது, மேசைக்கு அடியில் ராஜி என் காலை மிதித்தாள். வலது காலா, இடது காலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாள்தான். ஆனால் அண்ணன்மேல் கோபப்படவில்லை, என்மேலும் இல்லை. "சாமிக்கு இஷ்டமில்லேன்னா நாம என்னண்ணே செய்ய?" என்று சொல்லிவிட்டு, வெஞ்சனத்தை வைத்தாள்.

7

மறுநாள் துறைமுகம். பொன்னுத்தாயும் ராஜியும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். நான் மட்டும் மச்சானின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் படி வரை போனேன். மனம் லேசாக இருந்தது. பட்டிக்காட்டுப் பிடிவாதம் நம்மைக் காப்பாற்றியது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, கிட்ட வா" என்றார். "புத்தருக்கு வலது எதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

நான் பெட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கதவு முதுகுல இருக்கு, நுழையறப்பவே தெரியுது. பல்லி சொன்னதும் புள்ள மொகத்தைப் பாத்தேன். மிரண்ட கன்னுக்குட்டி மாதிரி நின்னுச்சு. அதான் இடதுன்னேன். முடிஞ்சதுன்னு திரும்பினா, நீ கையை விரிச்சுக்கிட்டு நடுவுல நிக்கிறே, நாந்தான் புத்தர்ன்னு."

"அப்பவே வெளிப்படையா வேணாம்னு சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"சொன்னா? தங்கச்சி பக்கத்துல நிக்கிறா. சாமி வேணாம்னா அவ தாங்கிக்குவா. அண்ணன் வேணாம்னா தாங்குவாளா?" பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அவகிட்ட இதைச் சொல்லாதே. இந்த ஒரு தடவையாவது அந்த வாயைக் கட்டு."

படியேறிப் போனார்.

பல்லி சொன்னது வலது பக்கம்தான். ராஜி கப்பலேறவில்லை.